பிடிமண்

கண்மாய்க்குள் எல்லா இடத்து மண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியே ஓடிவரும்போது கல், மணல், சேறு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டுதான் வருகிறது. வேகம் குறைகிற இடத்தில் கனமானது முதலில் விழும். அதனால் தண்ணீர் நுழையும் பக்கம் மணலாகக் கிடக்கும். மிக நுண்ணிய துகள்கள் மட்டும் நீரோடு உள்ளே போய், தண்ணீர் அசையாமல் நிற்கும் ஆழத்தில் நாள்கணக்கில் மெல்லப் படியும். கோடையில் கண்மாய் வற்றித் தரை பாளம் பாளமாக வெடிக்கிறபோது அந்த இடத்தைக் குயவருக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. ஒரு கட்டியை உடைத்து, நீர் தொட்டு விரலிடுக்கில் குழைத்துப் பார்த்தால் போதும். சலித்துத் தரம் பிரிக்கிற வேலையைத் தண்ணீர் முன்பே முடித்து வைத்திருக்கும்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரத்து அய்யனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகள் இந்த மண்ணில் பிறந்தவை. நமணசமுத்திரத்துக்கோ இளங்குடிப்பட்டிக்கோ போனவர்கள் பார்த்திருப்பார்கள். பாதையோரம் அணிவகுத்து நிற்கும் குதிரைகளில் முன்னால் இருப்பவை வண்ணம் மங்காமல் இருக்கும். பின்னால் போகப்போகக் காது போனவை, முகம் போனவை, வெறும் கால்களாக மிஞ்சியவை. அவற்றுக்கும் பின்னால் ஓட்டுக் குவியல், அதன்மேல் கொடி, அப்புறம் காடு.

இந்தக் குதிரைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். இது தமிழரின் நாட்டார் கலை என்பது ஒன்று. மண்ணில் பிறந்து மண்ணுக்கே திரும்புகிற, இயற்கையோடு இசைந்த கலை என்பது இன்னொன்று. முதலாவதில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. ஏன் உண்மையில்லை என்று யோசிக்கத் தொடங்கினால்தான் இந்தக் கலை எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவந்திருக்கிறது என்பது பிடிபடும்.

குதிரை செய்து கோயிலுக்குத் தூக்கிப்போகும் புரவியெடுப்பு விழா எடுப்பதென்று ஊர் கூடி முடிவானதும், ஊர்ப் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார். பிடிமண் கொடுப்பது என்று பெயர். அதை வாங்கிய பிறகே வேளார் வேலையில் கைவைப்பார். இந்தப் பக்கத்தில் குயவர்களை வேளார் என்பார்கள். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவரே. குதிரையைச் செய்வதும் அவர், அதற்குக் கண் திறப்பதும் அவர், சாமிக்குப் பூசை வைப்பதும் அவர். ஊர் பெயர்ந்து போகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் சாமியை நிறுத்துவதும் உண்டு. ஒரு பிடி மண்ணுக்கு அங்கே அவ்வளவு பொறுப்பு.

சக்கரத்தில் வனையும் பானைக்கு மண் நைசாக இருக்க வேண்டும். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கப்போகிற குதிரைக்கு அந்த நைசு ஆகாது, காயும்போது சுருங்கி வெடித்துவிடும். அதனால் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். சூளையில் உமி எரிந்துபோய், அது இருந்த இடம் நுண்துளையாக மிஞ்சும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி அதன்வழி வெளியேறும். முதலில் நான்கு கால்கள். உள்ளே கூடாக விட்ட உருளைகள் அவை. ஓரளவு இறுகும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். அதிகம் காய்ந்துபோனால் மேலே வைக்கிற பச்சைமண் ஒட்டாது. சரியாகக் காயாவிட்டால் எடை தாங்காமல் கால் பிதுங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தப் பதம் எப்போது வரும் என்பது அன்றைய வெயிலையும் காற்றையும் பொறுத்தது. வயிறு, மார்பு, கழுத்து, தலை என்று ஒவ்வொரு கட்டத்திலும் இதே காத்திருப்பு. உட்புறம் ஒரு கையால் கல்லை அணைகொடுத்து, வெளிப்புறம் பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குகிறார்கள். நடுவில் ஒரு மழை பெய்தால் செய்தது போச்சு.

குதிரையின் கால்கள் தூணாகப் பருத்திருப்பதைப் பார்த்து, உடற்கூறு தெரியாதவர் செய்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கால் மெலிந்தால் குதிரை விழுந்துவிடும், காரணம் அவ்வளவுதான். எங்கே பருமன் வேண்டும், எங்கே கூடாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் மண் முதலிலேயே தீர்மானித்துவிடுகிறது. வேளார் தன் விருப்பத்துக்கு விளையாட மிஞ்சுவது முகமும் கழுத்துமணியும் சேணமும்தான். அந்தக் குறுகிய இடத்தில் அவர் காட்டுகிற வித்தையைப் பாருங்கள். உருட்டி விழித்த கண், விடைத்த மூக்கு, பல் தெரியத் திறந்த வாய். வடமாநிலக் கண்காட்சிகளில் பளபளவென்று நிற்கும் எத்தனையோ சுடுமண் பொம்மைகளில் இந்த உக்கிரம் இல்லை என்பது என் கட்சி.

குதிரையே இந்த மண்ணுக்கு அந்நியமான பிராணி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சங்க காலத்திலேயே அது கடல் வழியாக வந்து இறங்கிய சரக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை விலைக்கு வாங்குவதையும், வளர்க்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதிவைத்தார். அரசனின் கருவூலத்தைக் காலிசெய்துவிட்டு இந்த வெயிலில் மாண்டுபோன பிராணி, கண்மாய் மண்ணில் மட்டும் நிலைத்து நின்றது.

இனி சூளை. காய்ந்த களிமண் கட்டியை நீரில் போட்டால் கரைந்து மறுபடி சேறாகும். எத்தனை முறை காய்ந்தாலும் அது அப்படியே. ஆனால் சூடு ஏறி 500, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, துகள்களின் கட்டமைப்புக்குள் பிணைந்துகிடந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பிறகு எத்தனை காலம் ஊறப்போட்டாலும் அது களிமண் ஆகாது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் 2,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பானை ஓடுகள் ஓடுகளாகவே கிடைத்தது இதனால்தான். வைக்கோலையும் வரட்டியையும் விறகையும் அடுக்கி, மேலே சேறு பூசி, வேளார் தீ வைக்கிற அந்த ஓர் இரவில் கண்மாய் மண் கண்மாய்க்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது.

ஆக, மண்குதிரை மண்ணுக்குத் திரும்புவதில்லை. மழையில் நனைந்து, பாசி ஏறி, வேர் புகுந்து, உடைந்து ஓடாகும். வேக்காடு போதாத இடம் பொடியாக உதிரும். அந்தப் பொடியை எடுத்து இன்னொரு குதிரை செய்ய முடியாது. எரித்த விறகும் போனது போனதுதான். இயற்கையிடம் எடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

நம் முன்னோர் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தார்கள் என்று மேடையில் சொல்வது சுலபம். தீ மூட்டத் தெரிந்த எந்தப் பிராணியும் இயற்கையோடு முழுக்க ஒன்றி வாழ்ந்துவிட முடியாது. ஒரு பானையைச் சுட்டாலே திரும்பாத ஒன்றை எடுத்தாயிற்று. வயலை உழுவதும் அப்படி, வீடு கட்டுவதும் அப்படி. எடுக்காமல் வாழ்வது எப்படி என்ற கேள்வியைக் கைவினைஞன் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அவன் தொழிலே எடுப்பதில்தான் தொடங்குகிறது. அவன் முன்னால் நிற்கிற கேள்வி வேறு: எங்கே எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், யார் பார்க்க எடுக்கிறோம்? புரவியெடுப்பு என்கிற விழா, நான் புரிந்துகொண்ட அளவில், இந்தக் கேள்விக்கு ஊர் சொல்லிவந்த பதில்.

எடுத்த இடம் கண்மாய். எடுத்தால் பள்ளமாகும், பள்ளமானால் அடுத்த மழையில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மனிதன் கரை போட்டு உண்டாக்கியவை. கரை போட்ட நாள்முதல் அவை தூர்ந்துகொண்டேதான் இருக்கும், யாராவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் சம்சாரிகள் வண்டிகட்டிக் கரம்பை அள்ளி வயலுக்கு அடித்தார்கள். குயவர்கள் பானைக்கும் அடுப்புக்கும் குதிரைக்கும் எடுத்தார்கள். ஒரு குதிரைக்கு எடுக்கிற மண்ணால் கண்மாய் தூர்வாரப்பட்டுவிடாது என்பது உண்மைதான். ஆனால் வருஷம் முழுக்க ஒரு குடியிருப்பே அந்த மண்ணில் பிழைத்தது, குதிரை அந்தப் பிழைப்பின் திருநாள். எடுப்பதனால் கெடாமல், எடுக்காவிட்டால் கெடுகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே கைவைத்தார்கள்.

எடுத்தது ஊரறிய. புரவியெடுப்பு அன்று குதிரைகள் வேளார் தெருவிலிருந்தும் பொட்டலிலிருந்தும் கிளம்பும். வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, வேட்டி துண்டு கட்டி, மாலை போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். சிவகங்கைப் பக்கம் முதலில் போவது அரண்மனைப் புரவி. அப்புறம் ஊர்ப் புரவி. பின்னாலேயே பிள்ளை வரம் கேட்டவர், நோய் தீர்ந்தவர், மாடு பிழைத்தவர் என்று நேர்த்திக்கடன் குதிரைகளின் வரிசை. கண்மாயிலிருந்து எடுத்த மண் எத்தனை உருவமாயிற்று என்று ஊர் முழுக்கப் பார்த்துவிடும். இதை ஒரு பொற்காலமாக வரையவும் கூடாது. முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையில் புரவியெடுப்பு நின்றுபோன ஊர்கள் உண்டு. தோள்கொடுக்க யாருக்கு உரிமை, தள்ளி நிற்க வேண்டியவர் யார் என்ற கணக்கும் அந்த ஊர்வலத்திலேயே இருந்தது. கண்மாயை ஊர்ப்பொதுவாக வைக்கத் தெரிந்த ஊருக்கு எல்லா மனிதரையும் சமமாக வைக்கத் தெரியவில்லை.

இறக்கிவைத்த இடம் காடு. அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. காசான், வீரம், பாலை, உசிலை என்று நாட்டுமரங்கள் நெருங்கி, கொடி பின்னிக் கிடக்கும். சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒருகாலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காடுகள் இன்று பெரும்பாலும் இந்தக் கோயில்காடுகளில்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டில் அய்யனாரும் மண்குதிரைகளும் இருக்கிற காடு அப்படி மிஞ்சிய ஒன்று. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் செம்மண் பொட்டலாகக் கிடந்தது. அங்கே பிற்பாடு பூர்விக மரங்களை மீட்டெடுக்க முனைந்தவர்கள் விதை தேடிப்போனது இத்தகைய கோயில்காடுகளுக்குத்தான். மற்ற இடங்களில் அந்த மரங்கள் அரிதாகவே மிஞ்சியிருந்தன.

அந்தக் காட்டைக் காப்பாற்றியது மரங்களின்மீது ஊருக்கு இருந்த பாசம் என்று நான் நம்பவில்லை. பயம்தான் காப்பாற்றியது. இரவில் அய்யனார் குதிரையேறி வருவார், வேட்டைக்குப் போகும் கருப்பசாமிக்கு எதிரே யாரும் வரக் கூடாது, உள்ளே பாம்பு கிடக்கும், கொம்பு ஒடித்தவன் வீட்டில் துக்கம் நடக்கும். இயற்கையை நேசிப்போம் என்ற சுவரொட்டியால் ஒரு உசிலமரம் பிழைத்த கதை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வரிசையாக நின்ற குதிரைகள் அந்தப் பயத்துக்கு உருவம் கொடுத்தன. எடுக்கலாம் என்று விட்ட கண்மாய்க்கும் தொடக் கூடாது என்று விட்ட காட்டுக்கும் நடுவில் எல்லைக்கல்லாக அவை நின்றன. கலை இயற்கையைப் பின்பற்றுகிறது, போற்றுகிறது, புகழ்கிறது என்றெல்லாம் பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தக் குதிரைகள் மனிதனின் கை எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னதுதான்.

உடைந்த குதிரையைச் செப்பனிடும் வழக்கமும் இல்லை, அப்புறப்படுத்தும் வழக்கமும் இல்லை. அடுத்த விழாவுக்குப் புதிது வரும். குதிரை உடைவதால்தான் வேளார் மகனுக்கு வேலை, அதனால் அவனுக்கும் மண்ணின் பதம் தெரிகிறது, அதனால் கண்மாயின் ஆழத்தை யாரோ ஒருவர் தொட்டுப்பார்த்துக்கொண்டே இருக்கிறார். டெல்லியின் கைவினை அருங்காட்சியகத்திலும் சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவிலும் இந்தக் குதிரைகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், ஊர்ப்பக்கம் வராதவர்களும் பார்க்கட்டும். ஆனால் அருங்காட்சியகத்தால் குதிரையைத்தான் காப்பாற்ற முடியும், அடுத்த குதிரை செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் காப்பாற்ற முடியாது.

அந்தக் கட்டாயத்திலிருந்து ஊர்கள் இப்போது தாமாகவே விலகிவருகின்றன. ஒரே செலவாகப் போகட்டும் என்று சிமெண்டில் குதிரை கட்டி, எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றைக்கூடப் பொய் என்று தள்ள முடியாது. வேளார் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிய குதிரை வனையும் கைகள் குறைந்துவிட்டன. விழாவே பல ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. நிலைத்து நிற்கும் குதிரை மரபுக்கு முற்றிலும் புதிதும் அல்ல. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரை கட்டி எழுப்பியதுதான். ஆனால் அங்கேயும் மாசிமகத்துக்கு மாசிமகம், குதிரையை மறைக்கும் அளவுக்குக் காகிதப் பூமாலைகள் ஏறுகின்றன. நிலைத்த குதிரையின்மேல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒன்றைச் செய்து சாத்தாமல் அந்த ஊராரால் இருக்க முடியவில்லை.

சிமெண்டுக் குதிரைக்குக் கண்மாயில் ஒரு கூடை மண்கூட எடுக்க வேண்டியதில்லை. ஊரைப் பொறுத்தவரை அது இயற்கையிடம் எதையும் கேட்காத குதிரை. ஆனால் சிமெண்டு வானத்திலிருந்து விழுவதில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டைனோசர் காலத்தில் கடலடியாக இருந்த நிலம் அது, கல்லைப் பிளந்தால் கடல் உயிர்களின் எச்சம் வரும். அந்தக் கல்லை வெட்டியெடுத்து, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்தால்தான் சிமெண்டு. வேளாரின் சூளைக்கு அந்தச் சூடு கனவிலும் எட்டாது. எரிபொருளின் புகை ஒருபக்கம் போக, சுண்ணாம்புக்கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. குதிரைக்காக மூட்டும் தீ அணைந்துவிடவில்லை, நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பல மடங்கு பெரிதாக எரிகிறது. வெட்டிய பள்ளத்தில் நம் ஊருக்குத் தண்ணீரும் நிற்காது.

நம் காலத்தின் கோளாறு இந்தத் தூரத்தில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பழைய ஆட்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. தாங்கள் எடுத்த பள்ளத்தை அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மாடு குளிப்பாட்டப் போனால் அந்தப் பள்ளம், துணி துவைக்கப் போனால் அந்தப் பள்ளம். அளவு மீறினால் கரை பலவீனமாகும், மடை பாழாகும், அடுத்த வருஷ நெல்லில் அது தெரியும். நாம் எடுக்கிற பள்ளங்களோ வேறு மாவட்டத்திலும் வேறு நாட்டிலும் இருக்கின்றன. யாரிடம் பிடிமண் வாங்குவது, யாருக்குக் குதிரை எடுப்பது என்றே நமக்குத் தெரியாது. கடன் தெரியாதவனுக்கு நேர்த்தி ஏது?

கண்மாய் மண் எடுக்கும் விஷயத்தில் அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 2017இல் ஏரி, கண்மாய்களின் வண்டலைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. 2024இல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று எளிதாக்கியது. வேண்டிய நடவடிக்கை. ஆனால் ஒரே கண்மாயில் ஒருபக்கம் குயவர் அனுமதிச் சீட்டோடு வரிசையில் நிற்பதும், மறுபக்கம் சவுடு என்ற பெயரில் டிப்பர் லாரிகள் இரவெல்லாம் ஓடுவதும் நாம் பார்க்காத காட்சியா? சீட்டு அலுவலகத்தில் எழுதப்படுவது, அதில் எத்தனை லோடு என்பது எழுதுகிறவருக்கும் எடுக்கிறவருக்கும்தான் தெரியும். பிடிமண் ஊர் நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் கைமாறியது.

விழாக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த புரவியெடுப்புக்குச் சிமெண்டில் கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தால், கைதூக்குவதற்கு முன்னால் கோடையில் ஒரு காலை நேரம் கண்மாய்க்குள் இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் பக்கத்து வேளாரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் மண் நன்றாக இருக்கிறது, எத்தனை அடிக்குத் தூர்ந்திருக்கிறது, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு பெரிய குதிரையாவது அந்த மண்ணில் ஆகட்டும். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.